மூலப்பாறைகளில் கரிமப் பொருளை அளத்தல்

பெட்ரோலியம் பிறக்கும் படிவுப் பாறை மூலப்பாறை எனப்படும். அதிலுள்ள கரிமப் பொருளில் கரைப்பான்களில் கரையும் பகுதி பிட்டுமன், கரையாதது கெரோஜன். புதையுண்ட பாறை சூடேறும்போது கெரோஜன் சிதைந்து எண்ணெயும் எரிவாயுவும் உண்டாகின்றன. ஆகவே கரிமப் பொருளின் அளவு மட்டுமல்ல, அது எந்த வடிவில் இருக்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

முதல் அளவீடு மொத்தக் கரிமக் கார்பன். பாறைத் தூளிலிருந்து கார்பனேட்டுகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நீக்கி, மீதியை எரித்து, வெளிவரும் கார்பன் டைஆக்சைடை அளப்பார்கள். எடையில் 0.5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அப்பாறை பொதுவாகக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை.

கார்பனின் தரத்தைக் காட்டுவது ராக்-எவல் முறை. பிரெஞ்சு பெட்ரோலிய நிறுவனத்தில் ழான் எஸ்பிதாலியே குழுவினர் உருவாக்கி 1977இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 100 மில்லிகிராம் தூள் போதும். காற்றில்லாத சூழலில் 300 பாகை செல்சியஸில் ஆவியாகும் ஹைட்ரோகார்பன்கள் எஸ்1. பிறகு நிமிடத்துக்கு 25 பாகை வீதம் சூடேற்றுகையில் கெரோஜன் உடைந்து வருவது எஸ்2. எஸ்2 உச்சம் தொடும் வெப்பநிலை டிமேக்ஸ். அது சுமார் 435 பாகையைத் தொட்டால் பாறை எண்ணெய் தரும் முதிர்ச்சிக்கு வந்துவிட்டது எனக் கொள்வர்.

3 விழுக்காடு கார்பன் உள்ள இரு பாறைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் எஸ்2 கிராமுக்கு 18 மில்லிகிராம், மற்றதில் 3. கார்பனால் வகுத்தால் ஹைட்ரஜன் குறியீடு முறையே கார்பன் கிராமுக்கு 600, 100 மில்லிகிராம். முதலாவது எண்ணெய் தரும். நிலத் தாவர எச்சம் மிகுந்த இரண்டாவதிடம் பெரும்பாலும் எரிவாயுவையே எதிர்பார்க்கலாம். அமெரிக்காவின் கிரீன் ரிவர் ஷேல் முதல் வகைக்குப் பெயர்பெற்றது.

ஆனால் எஸ்1 என்றால் எண்ணெய், எஸ்2 என்றால் கெரோஜன் என்று அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கோடு போடுவது வெப்பநிலைதான், பொருள் அல்ல. பிட்டுமனின் கனமான ரெசின்களும் அஸ்ஃபால்டீன்களும் 300 பாகையில் ஆவியாகாமல் எஸ்2இல் போய்ச் சேர்கின்றன. அதே தூளை டைகுளோரோமீத்தேனில் கழுவி மறுபடி சூடாக்கினால் எஸ்2 குறையும், டிமேக்ஸ் பல சமயம் ஏறும். கழுவுமுன்னும் பின்னும் கிடைத்த எஸ்1, எஸ்2 வேறுபாடுகளைக் கூட்டினால்தான் பாறையில் தங்கிய மொத்த எண்ணெய் ஓரளவு சரியாகத் தெரியும். லேசான பகுதியோ மாதிரி ஆய்வகம் சேருமுன்பே ஆவியாகிப் போயிருக்கும். எண்ணெய் மூலப்பாறையிலேயே தங்கும் ஷேல் வயல்களில் இந்த வேறுபாடு பெரிது. அதற்கென்றே வந்த பிற்கால வெப்பத் திட்டம் 100 பாகையில் தொடங்கி, 200 வரையும் 350 வரையும் வருபவற்றைத் தனித்தனியே பிரிக்கிறது.

களிமண் கனிமங்கள் உடைந்த ஹைட்ரோகார்பனின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து எஸ்2ஐக் குறைக்கும். கார்பன் குறைந்த மாதிரிகளில் இது கடுமை. டீசல் கலந்த துளைச்சேறு எஸ்1ஐ ஊதிக்காட்டும். எனவே டிமேக்ஸை, விட்ரினைட் எனும் தாவர எச்சத் துகள்களில் நுண்ணோக்கியால் அளக்கும் ஒளி எதிரொளிப்போடு ஒப்பிடுவது வழக்கம்; எதிரொளிப்பு 0.6 முதல் 1.3 விழுக்காடு வரை இருந்தால் பாறை எண்ணெய் உருவாகும் கட்டத்தில் உள்ளது.