பரவசப் பேச்சு (கத்தோலிக்க அருங்கொடை இயக்கத்தில்)

பரவசப் பேச்சு என்பது, செபிப்பவருக்கே பொருள் விளங்காத ஒலிகளால் கடவுளைப் புகழ்ந்து செபிக்கும் முறை. பெந்தக்கோஸ்து சபைகளில் இது அந்நிய பாஷை எனப்படுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் 1967க்குப் பின் அருங்கொடை இயக்கத்தின் வழியாகப் பரவியது. தூய ஆவியார் தரும் வரங்களுள் ஒன்றாக இதை ஏற்கும் கத்தோலிக்கர், ஆவியின் அருள்பொழிவுக்கு இதுவே கட்டாய அடையாளம் என்று கருதுவதில்லை. பழைய பெந்தக்கோஸ்து மரபிலிருந்து அவர்கள் பிரியும் முதன்மையான இடம் இதுதான்.

விவிலியத்தில் இரு வகைச் செய்திகள் உள்ளன. எருசலேமில் பெந்தக்கோஸ்து நாளில் திருத்தூதர்கள் பேசியதை அங்கிருந்தோர் தத்தம் மொழியில் கேட்டதாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. கொரிந்துச் சபையிலோ பேசியது யாருக்கும் புரியவில்லை. விளக்கம் சொல்ல வேறொருவர் தேவைப்பட்டார். இரண்டும் ஒரே வரமா, வெவ்வேறா என்பதில் அறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பவுல் இதைத் தடுக்கவில்லை, தாமும் அவ்வாறு செபித்ததாகவே எழுதுகிறார். ஆனால் விளக்குபவர் இல்லாவிட்டால் சபை நடுவே பேசாதிருக்கும்படி வரம்பு கட்டினார்.

இரண்டாம் நூற்றாண்டில் இரனேயு, பல மொழி பேசும் சகோதரர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் யோவான் கிறிசோஸ்தோம் கொரிந்தியர் மடலுக்கு விளக்கம் சொல்லும்போது, இந்த வரம் நின்றுபோனதால் அப்பகுதியே தெளிவற்றதாக இருக்கிறது என்கிறார். ஹிப்போவின் ஆயர் அகுஸ்தினாரும் அது அந்தக் காலத்துக்கு உரிய அடையாளம் என்றே கருதினார். ஆயினும் திருப்பாடல்களுக்கு அவர் எழுதிய உரையில் வேறொன்றும் இருக்கிறது. கதிர் அறுப்போரும் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்வோரும் முதலில் சொற்களோடு பாடுகிறார்கள். மகிழ்ச்சி மிகும்போது சொல்லை விட்டுவிட்டு வெறும் ஒலியாகவே ஆர்ப்பரிக்கிறார்கள். சொல்லில் அடங்காத கடவுளை அப்படித்தான் பாட வேண்டும் என்கிறார். கிரகோரியன் இசையில் அல்லேலூயாவின் கடைசி உயிரொலியைச் சொல்லின்றி நீட்டிப் பாடும் வழக்கமும் இந்த மகிழ்வொலியோடு சேர்த்துப் பேசப்படுகிறது. எடி என்ஸ்லி 1977இல் வெளியிட்ட நூலில், இந்த மகிழ்வொலி மரபே இடைக்காலம் முழுதும் தொடர்ந்த பரவசப் பேச்சு என்று வாதிட்டார். ஒப்புமை உண்டு, ஆனால் இரண்டையும் ஒன்றெனக் காட்டச் சான்று போதாது என்பது மறுப்போர் கருத்து.

தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில், மொழி வரம் எனப்படும் இவ்வரத்தைப் பற்றித் தனியே ஆராய்ந்தார். 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல், கல்லாத மொழியைப் பேசுவதைப் பேய்பிடித்தலின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு மொழி வரம் இருந்ததாக அவருடைய புனிதர் பட்டத்தை ஒட்டி எழுந்த மரபு சொல்கிறது. அவருடைய கடிதங்களோ வேறு விதமாக உள்ளன. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டி, செபங்களை அரும்பாடுபட்டுத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு ஊரைச் சுற்றி மக்களை அழைத்ததாகத் தாமே எழுதியிருக்கிறார். வரலாற்று ஆசிரியர்கள் பெரும்பாலும் கடிதங்களின் பக்கமே நிற்கின்றனர்.

1901 சனவரி 1 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ புதிய நூற்றாண்டைத் தூய ஆவியாருக்கு ஒப்படைத்தார். அதே நாளில் அமெரிக்காவின் டொபீகா நகர விவிலியப் பள்ளி ஒன்றில் மாணவி ஆக்னஸ் ஓஸ்மன் பரவசப் பேச்சில் செபித்ததாகப் பெந்தக்கோஸ்து வரலாறு தொடங்குகிறது. இந்தப் பொருத்தத்தை அருங்கொடை இயக்கத்தார் மறவாமல் எடுத்துச் சொல்வர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1963 அக்டோபரில், வரங்கள் தொடக்கத் திருச்சபையோடு முடிந்தவை என்ற கர்தினால் ருஃபினியின் நிலைக்கு எதிராகக் கர்தினால் சூனன்ஸ் பேசினார். மறு ஆண்டு வெளிவந்த திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தின் 12ஆம் பிரிவு சூனன்சின் கருத்தை ஒட்டி அமைந்தது.

1967 பிப்ரவரி 17 முதல் 19 வரை, பிட்ஸ்பர்க் நகருக்கு வடக்கே உள்ள ஆர்க் அண்ட் டவ் தியான இல்லத்தில், டியூகேன் பல்கலைக்கழக மாணவர் ஏறத்தாழ 25 பேர் கூடினர். ரால்ஃப் கீஃபர் முதலிய ஆசிரியர்கள் அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு பிரஸ்பிட்டேரியன் பெண்மணியின் வீட்டுச் செபக்கூட்டத்துக்குப் போய் வந்திருந்தனர். மாணவர்கள் திருத்தூதர் பணிகள் நூலின் முதல் நான்கு அதிகாரங்களைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். சனிக்கிழமை இரவுக்கு ஒரு பிறந்தநாள் விருந்து ஏற்பாடாகியிருந்தது. இடையில் தண்ணீர் இறைக்கும் பம்பு நின்றுவிட, சிலர் தண்ணீருக்காகச் செபித்தனர், தண்ணீர் வந்தது. விருந்துக்கு ஆள் அழைக்க மாடியிலிருந்த சிற்றாலயத்துக்குப் போன மாணவி பட்டி கலகர் நற்கருணை முன் முகங்குப்புற விழுந்து செபித்தார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் அங்கே வந்து சேர்ந்தனர். சிலர் அழுதனர், சிலர் சிரித்தனர். சிலருக்குக் கை எரிவது போலிருந்தது. சிலருக்கு நாவிலும் தொண்டையிலும் ஏதோ துடித்தது. இப்படி ஒரு வரம் உண்டென்று தெரியாததால், அந்தத் துடிப்புக்கு எப்படி இடம் கொடுப்பதென்று தெரியவில்லை எனக் கலகர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இயக்கத்தின் பிறப்பிடமாகப் போற்றப்படும் அந்த இரவில் பரவசப் பேச்சு மையமாக இல்லை என்பது கவனத்துக்குரியது.

அது மையத்துக்கு வந்தது அடுத்த மாதம், நாட்டர் டேம் பல்கலைக்கழக வட்டாரத்தில். கெவின் ரனகன், டாரதி ரனகன் தம்பதியரும் நண்பர்களும் மார்ச் 13 அன்று ரே புல்லர்டு என்னும் பெந்தக்கோஸ்து சபையாரின் வீட்டுக்குப் போனார்கள். அங்கே அடித்தள அறையில் நடந்த செபத்தில் பலர் பரவசப் பேச்சில் செபிக்கத் தொடங்கினர். இனி கத்தோலிக்கத்தை விட்டுவிடுவீர்கள்தானே என்ற எதிர்பார்ப்பு வீட்டாருக்கு இருந்தது, வந்தவர்கள் விடவில்லை. 1969இல் அமெரிக்க ஆயர்களின் அறிக்கை இயக்கத்தை எச்சரிக்கையோடு அனுமதித்தது. 1974இல் நாட்டர் டேம் மாநாட்டுக்குச் சுமார் 30,000 பேர் வந்தனர். அதே ஆண்டு வெளியான, இயக்கத்தைப் பற்றிய மலின் ஆவணம், பரவசப் பேச்சை முதன்மையாக ஒரு செப வரமாக விளக்கியது. 1975 மே 19 அன்று, உரோமை மாநாட்டுக்கு வந்த ஏறத்தாழ 10,000 பேரைத் திருத்தந்தை ஆறாம் பவுல் புனித பேதுரு பேராலயத்தில் சந்தித்தார். அங்கே நடந்த திருப்பலியில் பரவசப் பாடல் மெல்ல எழுந்ததாகக் கலந்துகொண்டவர்கள் பதிவுசெய்துள்ளனர்.

இந்தப் பாடல் தனியே கவனிக்கத் தக்கது. புகழ்ச்சிப் பாட்டு ஒன்று முடிந்ததும் கித்தார் ஒரே சுருதியில் நிற்கும். ஒருவர் மெதுவாக ஒலி எழுப்ப, ஒவ்வொருவரும் தத்தம் ஒலியில், தத்தம் மெட்டில் சேர்ந்துகொள்வார்கள். நூறு குரல்கள் நூறு வழியில் போனாலும் சுருதி பிசகுவதில்லை. ஏறி, தாழ்ந்து, யாரும் கைகாட்டாமலே அடங்கும். அதன்பின் வரும் அமைதியைக் கலைக்கக் கூடாது என்பது செபக்குழுக்களில் எழுதாத விதி. செபிப்பவர் தன்னினைவோடுதான் இருப்பார், நினைத்த நேரத்தில் தொடங்கவும் நிறுத்தவும் முடியும் என்று இயக்க ஆசிரியர்கள் வலியுறுத்துகின்றனர்.

மொழியியலாளர் வில்லியம் சமரின் 1972இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வொலிகள் பேசுபவரின் பழகிய மொழியொலிகளிலிருந்தே பிறப்பதாகவும், மொழிபோல் தோன்றினாலும் மொழிக்குரிய பொருளமைப்பு இல்லை என்றும் கண்டது. இயேசு சபை இறையியலாளர் பிரான்சிஸ் சல்லிவன் போன்றோருக்கு இது இடையூறாகத் தோன்றவில்லை. செபத்துக்கு அகராதி தேவையில்லை என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். மனித மொழியாகவே அடையாளம் காணப்பட்டதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வாய்மொழிச் சாட்சியங்களாகவே உள்ளன. 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் பரவசப் பேச்சில் செபிக்கும் 5 பெண்களின் மூளை இரத்த ஓட்டத்தைப் படமெடுத்தனர். அப்போது மூளையின் முன்மடல்களின் செயல்பாடு தணிந்திருந்தது. இதிலிருந்து பெரிய முடிவுகளை எடுக்க எண்ணிக்கை போதாது.

இந்தியாவில் இயக்கம் 1970களில் வேரூன்றியது. கேரளத்தின் சாலக்குடி அருகே முரிங்ஙூரில் வின்சென்சியன் சபையார் நடத்தும் தியான இல்லத்தின் வழியாகத் தமிழ்நாட்டுப் பங்குகளிலிருந்தும் பலர் இதை அறிந்தனர். 1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, தனது 2003ஆம் பத்தியில் மொழி வரத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, வரங்கள் எல்லாம் அன்புக்குப் பணிசெய்யவே என்று கூறுகிறது. 2019 சூன் 9 முதல், இயக்கத்தின் பழைய இரு பன்னாட்டு அமைப்புகளுக்கு மாற்றாக வத்திக்கான் நிறுவிய காரிஸ் என்னும் ஒரே பணியமைப்பு செயல்படுகிறது.