ஆசிரியரைத் திருத்திய கண்ணாடிக் கோளம்

ஷஃபான் 29ஆம் நாள் மாலையில் பிறை பார்க்கச் செல்வோர் சிலர் கையில் பைனாகுலர் இருப்பதைக் காண்கிறோம். அதன் ஒவ்வொரு குழலினுள்ளும் வில்லைகளோடு இரு முப்பட்டகக் கண்ணாடிகளும் உள்ளன. கண்ணாடியினுள் செல்லும் ஒளி, அதன் சுவரில் ஏறத்தாழ 42 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் படுமாயின் வெளியேற இயலாது. முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். இவ்வியல்பைக் கொண்டே முப்பட்டகங்கள் தலைகீழான பிம்பத்தை நிமிர்த்தித் தருகின்றன. 1854இல் இத்தாலியரான போரோ இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

கண்ணாடியைக் கொண்டு ஒளியின் வழியை ஆராய்ந்த வரலாறோ அதனினும் மிகப் பழையது. ஏறத்தாழ 984இல், பக்தாத் அறிஞர் இப்னு சஹ்ல், கண்ணாடியினுள் ஒளி எவ்வளவு வளையும் என்பதை வடிவியல் முறையில் வரைந்து காட்டினார். பின்னர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் ‘கிதாபுல் மனாழிர்’ எனும் ஒளியியல் நூலை ஏழு பாகங்களில் இயற்றினார். அத்தகைய பேரறிஞரும் வானவில்லின் காரணத்தைக் கூறுவதில் தவறினார். மேகம் குழியாடி போன்று ஒளியைத் திருப்புவதே வானவில் என்பது அவர் கருத்து.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ அந்நூலுக்கு விரிவுரை எழுதப் புகுந்தார். மழைத்துளிக்கு மாற்றாகக் கண்ணாடிக் கோளமொன்றில் நீரை நிரப்பி, இருட்டறையில் வைத்து ஒளியைச் செலுத்திப் பார்த்தார். ஒளி துளிக்குள் புகும்போது வளைகிறது. உட்சுவரில் ஒருமுறை திரும்புகிறது. வெளியேறும்போது மீண்டும் வளைகிறது. இதுவே வானவில் என்றும், உள்ளே இருமுறை திரும்பினால் மங்கலான இரண்டாம் வில் தோன்றும் என்றும் அவர் நிறுவினார்.

“முன்னோரைத் திருத்துவது அவமரியாதை ஆகாதா, உஸ்தாத்?” என்று மாணவர் ஒருவர் என்னிடம் வினவினார். அல்ஃபாரிஸீ இப்னுல் ஹைதமின் நூலைப் புறக்கணிக்கவில்லை, வரிவரியாகப் பயின்றார். ஆராய்ந்து பார்க்காமல் ஏற்காதீர் என்ற அவ்வாசிரியரின் முறையைக் கைக்கொண்டே அவரைத் திருத்தினார். இதனினும் மேலான மரியாதை வேறில்லை.

இன்னொன்றையும் நாம் நேர்மையோடு சொல்ல வேண்டும். அதே காலத்தில் ஜெர்மானியத் துறவி தியோடரிக்கும் இவ்விளக்கத்தைத் தனியே கண்டறிந்தார். நிறங்கள் பிரியும் காரணத்தை நியூட்டனின் முப்பட்டகமே பின்னர் தெளிவாக்கியது. எல்லாவற்றையும் நம்மவரே கண்டறிந்தனர் என மேடைகளில் மிகைப்படுத்துவது அவ்வறிஞர்களுக்குப் பெருமை சேர்க்காது. பிள்ளைகளுக்கு அவர்களின் பெயர்களோடு, சோதித்தறியும் அவர்களின் பழக்கத்தையும் கற்றுக்கொடுப்போமாக.