ஓரப்பார்வை ஏன் மங்குகிறது? வில்லையிலிருந்து மூளை வரை ஒரு விளக்கத்தின் வரலாறு

நேரே நோக்கும் பொருள் துலக்கமாகவும் பக்கவாட்டில் இருப்பவை மங்கலாகவும் தெரிவதற்குக் கண்வில்லையின் குறையே காரணம் என்று கருதுவது இயல்பு. சாய்வாக நுழையும் ஒளிக்கதிர்கள் செம்மையாகக் குவிவதில்லை என்பதும் உண்மையே. ஆனால் தம் கண்களையே அளந்து 1801இல் ஆய்வுரை வெளியிட்ட தாமஸ் யங், இக்காரணத்துக்கு இரண்டாம் இடமே தந்தார். விழித்திரையின் உணர்திறன் குறைவே முதற்காரணம் என்றார். அதை மெய்ப்பிக்கும் வழி அன்று இல்லை. பின்வந்த ஆய்வுகள் அவர் கூற்றை உறுதிசெய்ததோடு நில்லாமல், விளக்கத்தை மூளைவரை நகர்த்தின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் தேவை அளவீடு. பக்கத்தில் எழுத்தைக் காட்டினால் கண் தானாகவே அதன்பக்கம் திரும்பிவிடும். இத்தடையை 1857இல் ஆபெர்ட்டும் ஃபோர்ஸ்டரும் மின்பொறியால் கடந்தனர்: இருட்டில் வைத்த எழுத்து அட்டை ஒரு கணம் மட்டுமே ஒளிர்ந்தது, கண் நகரும் முன் வெளிச்சம் அணைந்தது. 1894இல் வெர்தைம் கம்பிவலைகளைக் கொண்டு பார்வைப்புலம் முழுவதையும் அளந்தார். மையத்திலிருந்து 10 பாகை விலகினாலே கூர்மை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். 1935இல் ஊஸ்டர்பெர்க் விழித்திரையின் செல்களை எண்ணியபோது இதற்கான உடற்கூற்று அடிப்படை தெரிந்தது. மையக்குழியில் சதுர மில்லிமீட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் நெருங்கியிருக்கும் கூம்புச் செல்கள், சற்று விலகியதும் சில ஆயிரங்களாகக் குறைகின்றன.

வில்லையும் ஓரத்தில் பிழைபடுகிறதே, இரண்டில் எது மிகுதி என்று எப்படிப் பிரிப்பது என ஒருவர் கேட்கலாம். 1987இல் திபோஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவுகள் இதற்கு விடை தந்தன. மிக நுண்ணிய கோடுகளை ஓரப்பார்வையில் காட்டியபோது, கோடுகள் எத்திசையில் ஓடுகின்றன என்று பார்வையாளரால் சொல்ல இயலவில்லை. ஆனால் அங்கே ஏதோ ஒரு வடிவம் இருப்பது தெரிந்தது. நரம்புச் செல்கள் பிரித்தறியக்கூடியதைவிட நுண்ணிய விவரம் விழித்திரையில் விழுகிறது என்பதே இதன் பொருள். ஓரப்பார்வைக்கென வில்லையைத் திருத்தினால் பொருள் இருப்பதை உணரும் திறன் கூடும். பிரித்தறியும் திறனோ பெரிதாக மாறுவதில்லை. யங்கின் வரிசைமுறை சரியே.

விழித்திரையோடு விளக்கம் முடிந்துவிடுகிறதா? ருஷ்ய–ஜப்பானியப் போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்களை ஆராய்ந்த தட்சுஜி இனோயே, பெருமூளைப் புறணியில் பார்வைப்புலத்தின் மையத்துக்கே பெரும்பரப்பு ஒதுக்கப்பட்டிருப்பதை 1909இல் காட்டினார். அப்படியானால் ஓரத்தில் உள்ளதை உரிய அளவுக்குப் பெரிதாக்கினால் குறை தீர்ந்துவிடும் என்று வாதிடலாம். தனி எழுத்துக்கு அது பொருந்தும், சொல்லுக்குப் பொருந்தாது. பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும் ஓர் எழுத்து, இருபுறமும் வேறு எழுத்துகள் வந்ததும் குழம்பிப்போகிறது. அதைத் தவிர்க்க, மையத்திலிருந்து அவ்வெழுத்து விலகியுள்ள தொலைவில் ஏறத்தாழப் பாதியளவு இடைவெளி வேண்டும் என்று 1970இல் ஹெர்மன் பௌமா கண்டார். இந்த நெரிசல் எழுத்தின் அளவைவிட இடைவெளியையே பெரிதும் சார்ந்திருப்பதால், கூர்மைக் குறைவு என்று மட்டும் இதை விளக்க முடியாது. அண்டை வடிவங்களை மூளை ஒன்றுசேர்த்துவிடுவதே இதற்கு ஏற்ற விளக்கம்.

ஆகவே ஓரப்பார்வையைக் குவியம் தவறிய படம் என்று வருணிப்பது போதாது. விழிப்புள்ளிச் சிதைவால் மையப்பார்வை இழந்தவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிய பின்னும் மெதுவாகவே வாசிப்பதற்கு இந்த நெரிசலும் ஒரு காரணம். அவர்களுக்கான உதவியை உருப்பெருக்கியோடு நிறுத்தாமல், வாசிப்புப் பயிற்சியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.