மலாக்காவில் கம்பளி ஏன் விலைபோகவில்லை?

ஆசிரியர்களே, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, மலாக்கா வணிகம் என்று கேள்வி வந்தால் உடனே கிராம்பு, ஜாதிக்காய், மிளகு என்று எழுதிவிடுகிறோம். சரிதான். ஆனால் அவற்றை வாங்க வந்தவர்கள் பதிலுக்கு எதைக் கொடுத்தாங்க? பெரும்பாலும் துணி. அதுவும் குஜராத்திலும் நம்ம சோழமண்டலக் கரையிலும் நெய்த பருத்தித் துணி. சுல்தான் மாமுட் ஷா காலத்தில் விதவிதமான பூத்துணி வாங்கிவர ஹாங் நாடிம் கலிங்க நாட்டுக்கே அனுப்பப்பட்டதாக 'செஜாரா மெலாயு' சொல்கிறது.

கம்பளி இங்கே வரவே இல்லையா? வந்தது. 1512 முதல் மலாக்காவில் இருந்த போர்த்துகீசியர் தோமே பிரெஸ் தம் 'சூமா ஓரியெண்டல்' நூலில் அதைக் குறிப்பிடுகிறார். வெனிஸ் கப்பல்களில் எகிப்துக்கு வந்த சாயக் கம்பளி, கெய்ரோ வணிகர்கள் கைக்கு வந்து, குஜராத் வழியாக மலாக்காவை எட்டியது. மலாய் மொழியில் இதற்கு 'சக்லாட்' என்று பெயர். தமிழ் அகராதியைப் புரட்டிப் பாருங்க, 'சகலாத்து' என்று அதே சொல் நம்மிடமும் இருக்கு!

ஆனாலும் அது பெரிய மனிதர்களின் ஆடம்பரமாகவே நின்றது. காரணம் அதன் இயற்கைக் குணத்திலேயே இருக்கிறது. ஆட்டு ரோமம் நேராக இருக்காது, சுருள் சுருளாக இருக்கும். அந்தச் சுருள்களுக்கு நடுவே காற்று தங்கி, உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. உறிஞ்சும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். எளிதில் தீப்பற்றாது. குளிர்நாட்டுக்கு இதைவிட நல்ல துணி ஏது? ஆனால் வருஷம் முழுக்கப் புழுக்கமான மலாக்காவில் இதே குணங்கள்தான் தொல்லை. துவைத்தால் சுருங்கும், காய நாளாகும், பூச்சியும் அரிக்கும்.

இதை ஆங்கிலேயர் அனுபவத்தில் கற்றார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணத்தில் ஜேம்ஸ் லங்காஸ்டர் கொண்டுவந்த சரக்கில் இங்கிலாந்துக் கம்பளியும் இருந்தது. இந்தப் பக்கம் அதைக் கேட்பார் குறைவு. 1602 அக்டோபரில் மலாக்கா நீரிணையில் ஒரு போர்த்துகீசியக் கப்பலை அவர்கள் மடக்கினார்கள். அது மயிலாப்பூர் சாந்தோமிலிருந்து பருத்தித் துணி ஏற்றி வந்த கப்பல். கொள்ளையடித்த அந்தத் துணியைக் கொடுத்துத்தான் மிளகு வாங்க முடிந்தது. என்னைக் கேட்டால், கம்பெனி பிறகு சோழமண்டலக் கரையில் காலூன்றியதை விளக்க இந்த ஒரு சம்பவமே நல்ல உதாரணம்.

அப்படியானால் தோட்டத் தமிழருக்கும் கம்பளிக்கும் உறவே இல்லையா? இருக்கிறது, ஆனால் மலைநாட்டில். இலங்கையில் 6,000 அடிக்கு மேலே நுவரெலியாப் பக்கம், மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்தவர்கள் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டது முரட்டுக் கம்பளி. வெள்ளைக்காரத் துரைமார் அதை 'கம்ளி' என்றே எழுதினார்கள். அது இனாம் இல்லை, தொழிலாளி கணக்கில் கடனாகப் பற்று எழுதப்பட்டது. குளிரைத் தாங்கவும் கடன்பட வேண்டியிருந்தது.

ஜாசின், அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டங்கள் தாழ்நிலம். இங்கே விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனவர்களுக்குப் பழைய நீளக்கைச் சட்டையும் தலைத்துணியும் போதும்.

பாடம் நடத்தும்போது ஒரு துண்டு கம்பளியையும் ஒரு துண்டு பருத்தியையும் நனைத்து வகுப்பு ஜன்னலில் தொங்கவிடுங்க. பாடவேளை முடியும்போது இரண்டையும் மாணவர்கள் தொட்டுப் பார்க்கட்டும்.