இடுக்கி, பாலக்காடு தமிழ்ப் பிள்ளைகள்: பிளஸ் டூவுக்குப் பிறகு உதவி ஏன் நின்றுபோகிறது?

மூணாறில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, அங்கேயே தமிழ்வழியில் படித்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அம்மா பிறந்ததும் அதே லயத்தில்தான். கொழுந்து எடுக்க முதலில் வந்தது பாட்டி. பிளஸ் டூ முடித்த பெண், பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கேட்கிறார். அலுவலகத்தில் வரும் கேள்வி இதுதான்: "1950-ல உங்க குடும்பம் கேரளாவில் இருந்ததுக்கு ஆதாரம் இருக்கா?"

அகதி, புலம்பெயர்ந்த குடும்பப் பிள்ளைகளுக்கான உதவி என்றதும் நமக்கு டியூஷன், சீருடை, காலை உணவுதான் நினைவுக்கு வரும். அதெல்லாம் தேவைதான். ஆனால் இந்த எல்லைப் பகுதியில் பல பிள்ளைகள் தடுக்கி விழுவது வகுப்பறையில் அல்ல, சான்றிதழில்.

யார் இந்தப் பிள்ளைகள்?

2011 கணக்கெடுப்பின்படி கேரளாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். இடுக்கியில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தமிழர். எல்லாரையும் 'வந்தவர்கள்' என்று ஒரே பெட்டியில் போட முடியாது.

முதலாவது, எல்லை மாறியதால் கேரளத் தமிழரானவர்கள். பாலக்காட்டின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. இங்கே பல குடும்பங்கள் எங்கும் போகவில்லை, கோடுதான் நகர்ந்தது. இரண்டாவது, 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களுக்கு கங்காணிகள் அழைத்துவந்தவர்களின் வாரிசுகள்.

மூன்றாவது, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர். 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5.25 லட்சம் மலையகத் தமிழரை ஏற்க இந்தியா சம்மதித்தது. அவர்களில் ஒரு பகுதியினர் கேரளாவில் குடியமர்த்தப்பட்டனர். கொல்லம் மாவட்டம் புனலூரில் இதற்காகவே 1976-ல் ரப்பர் தோட்ட நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. இடுக்கியின் வண்டிப்பெரியாறு வழியாகப் போகும் கவி ஏலத்தோட்டத்திலும் இவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது, இன்றைய வரவு: ஏலக்காட்டுக்கும் கஞ்சிக்கோடு ஆலைகளுக்கும் வந்த அசாம், ஜார்க்கண்ட், ஒடிசா குடும்பங்களின் பிள்ளைகள். கேரள அரசு இவர்களை 'அதிதி' (விருந்தாளி) தொழிலாளர் என்கிறது.

என்னென்ன உதவிகள் இருக்கின்றன?

பள்ளி வயதுக்கு வழி ஓரளவு திறந்தே இருக்கிறது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை, வயதுச் சான்று இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. டிசி வரத் தாமதமானாலும் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்ட பாடங்களுக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும்.

இதற்கு மேல் கேரளாவில் அதிகம் பேசப்படும் மாதிரி, எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-ல் தொடங்கிய 'ரோஷ்ணி'. பிள்ளையின் தாய்மொழி தெரிந்த ஒரு தன்னார்வலர், பள்ளி மணி அடிக்கும் முன் அந்த மொழியிலிருந்து மலையாளத்துக்குக் கைப்பிடித்து அழைத்துப்போகிறார். கூடவே காலை உணவும் உண்டு. பெரியவர்களுக்கு மலையாளம் கற்பிக்க எழுத்தறிவு இயக்கத்தின் 'சங்ஙாதி' திட்டம் இருக்கிறது. கஞ்சிக்கோட்டில் 2019-ல் திறந்த 'அப்னா கர்' விடுதியில் 600-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தங்கலாம். ஆனால் அது தனியாக வந்தவர்களுக்கானது. குடும்பத்தோடு வந்தவர்களுக்குப் பயன்படாது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு எல்லை வட்டாரங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது.

அப்போ சிக்கல் எங்கே?

பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்டது. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. பிறகு இடம்பெயர்ந்தவர், சொந்த மாநிலத்தின் பட்டியல் சாதியினராகவே கருதப்படுவார். போன மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றமும் 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் இதையே சொன்னது. பறையர், பள்ளர், சக்கிலியர் ஆகிய பெயர்கள் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருக்கின்றன. ஆனாலும் விதி இதுதான்.

லயத்துக் குடும்பத்துக்குச் சொந்த நிலம் கிடையாது, அதனால் பட்டாவும் கிடையாது. வீடு கம்பெனியுடையது. 1950-ஐ எதை வைத்து நிரூபிப்பது? தமிழ்நாட்டுக்குப் போய்க் கேட்டால், "நீங்க இங்கே குடியிருக்கலையே" என்ற பதில் வரலாம். தாயகம் திரும்பியோர் நிலை இன்னும் விசித்திரம்: 1950-ல் அவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

சான்றிதழ் இல்லையென்றால் கல்லூரி ஒதுக்கீடு மட்டுமல்ல, அதை நம்பியிருக்கும் 'இ-கிராண்ட்ஸ்' உதவித்தொகை, விடுதி, பிஎஸ்சி வேலை எல்லாமே கை நழுவும்.

இந்தக் கேள்வி எவ்வளவு சிக்கலானது என்பதற்கு தேவிகுளம் தனித்தொகுதி எம்எல்ஏவாக 2021-ல் வென்ற ஏ.ராஜாவின் வழக்கே சாட்சி. மதம், சாதி ஆகியவற்றோடு, குடும்பம் எப்போது கேரளாவுக்கு வந்தது என்பதும் அதில் அலசப்பட்டது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் வெற்றி செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. எம்எல்ஏவுக்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால், 17 வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

வேறு எங்காவது வழி கண்டிருக்கிறார்களா?

தமிழ்நாட்டு இலங்கைத் தமிழர் முகாம்களில் 1984 முதல் இயங்கும் 'ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம்' ஒரு நல்ல பாடம். அகதிகளே அகதிகளுக்காக நடத்தும் அமைப்பு இது. மாலை வகுப்பு, கல்லூரி உதவி ஆகியவற்றோடு பிறப்புப் பதிவு, குடியுரிமை ஆவணங்களையும் தங்கள் வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள். படிப்பையும் ஆவணத்தையும் தனித்தனியாகப் பார்க்கவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் குடும்பமோ நண்பரோ இந்த நிலையில் இருந்தால், அல்லது நீங்கள் வார இறுதியில் ஒரு மாலை வகுப்புக்குப் போகிறவர் என்றால்:

- ஒன்பதாம் வகுப்பிலேயே தாள்களைத் தேடத் தொடங்குங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்தபின் நேரம் இருக்காது.
- தாத்தா, பாட்டியின் பழைய எஸ்டேட் பணிப் பதிவு, பிஎஃப் ஆவணம், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல் ஆகியவற்றின் நகல்களைச் சேகரியுங்கள். ஒரே தாள் போதாமல் போகலாம். பல தாள்கள் சேர்ந்து ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.
- தாசில்தார் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேரளாவில் இதற்கென 1996-ன் சமுதாயச் சான்றிதழ் சட்டம் இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு அந்த எழுத்து தேவை.
- அப்பாவுக்குத் தமிழ்நாட்டுச் சான்றிதழ் இருந்தால் தூக்கிப்போடாதீர்கள். அதை வைத்துப் பிள்ளைக்கு, சொந்த மாநிலத்தைக் குறிப்பிட்டு, குடியிருக்கும் மாநிலத்திலேயே சான்றிதழ் தர மத்திய அரசு வழி செய்திருக்கிறது. கேரள ஒதுக்கீட்டுக்கு உதவாவிட்டாலும், மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களிலும் தேர்வுகளிலும் பயன்படும்.

லயத்தில் ஒரு மாலை வகுப்பு நடத்துகிறீர்களா? கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஆவண ஃபைலையும் வையுங்கள்.