பிலிம் சுருள் தேடி ஐரோப்பா போன தமிழர்

முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாக ஐரோப்பாவைச் சுற்றி வருவது இன்று நடக்காத காரியம் இல்லை. அம்பத்தூரிலோ ஆவடியிலோ இருக்கும் ஒரு மாணவர் சில வருடங்கள் பணம் சேர்த்தால் போதும். ஒரே ஷெங்கன் விசாவில் 29 நாடுகளுக்குள் நுழையலாம். ஊர் ஊராக ரயில் ஏற 1959-ல் தொடங்கிய யூரெயில் பாஸ் இருக்கிறது. ஒரே அறையில் எட்டு பேர் படுக்கும் மலிவான விடுதிகள் இருக்கின்றன. வழி சொல்லக் கைப்பேசி இருக்கிறது.

இதில் எதுவுமே இல்லாத 1930-களில் ஒரு தமிழ் இளைஞர் தன்னந்தனியாக இதைச் செய்தார். அதுவும் ஊர் பார்க்க அல்ல!

அவர் ஏ.கே. செட்டியார். காரைக்குடி பக்கத்தில் உள்ள கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர். ஊரைச் சொன்னதும் பெரிய பணக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக வேலை பார்த்தவர் அவர். பிறகு டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். 1937 அக்டோபர் 2-ம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் இருந்தபோது, அன்று காந்தி பிறந்த நாள் என்பது நினைவுக்கு வந்தது. காந்தியைப் பற்றி ஒரு முழு நீள ஆவணப்படம் எடுத்தால் என்ன? அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

காந்தி படத்துக்கு ஐரோப்பா எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்காகக் காந்தி லண்டன் போனார். பெரிய ஹோட்டலில் தங்காமல், கிழக்கு லண்டனின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் இருந்த கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் அடிபட்டிருந்த லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளர்களையே நேரில் போய்ப் பார்த்தார். திரும்பும் வழியில் பாரிஸ், சுவிட்சர்லாந்தின் வில்நவ் கிராமத்தில் ரோமன் ரோலந்தின் வீடு, பிறகு ரோம். போன இடமெல்லாம் செய்திப்படக்காரர்கள் கேமராவோடு துரத்தினார்கள். தியேட்டரில் முக்கியப் படத்துக்கு முன்னால் சில நிமிடம் ஓடும் செய்திப்படங்களுக்காக எடுத்த காட்சிகள் அவை. ஓடி முடிந்ததும் சுருள் கிடங்குக்குப் போய்விடும். எந்தச் சுருள் எந்த ஊரில் எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று சொல்ல ஒரு பட்டியல் கூடக் கிடையாது!

ஆகவே லண்டன், பாரிஸ் போன்ற நகரங்கள் செட்டியாருக்கு அரண்மனைகளாகவும் தேவாலயங்களாகவும் தெரிந்திருக்க நேரமில்லை. கதவு தட்ட வேண்டிய அலுவலகங்களாகத்தான் தெரிந்திருக்கும். அவருக்குப் பின்னால் அரசாங்கம் இல்லை. பெரிய ஸ்டுடியோவும் இல்லை. கையில் இருந்தது பிரிட்டிஷ் இந்திய பாஸ்போர்ட். தேடியதோ அந்த பிரிட்டிஷ் ஆட்சியையே எதிர்த்து நின்ற ஒருவரின் படத்தை! போதாக்குறைக்கு அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட்டால் ஆனது. லேசில் தீப்பிடிக்கும். அதை ரயிலிலும் கப்பலிலும் கொண்டு வருவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

ஐரோப்பாவோடு முடியவில்லை. தென்னாப்பிரிக்கா உட்பட நான்கு கண்டங்கள், ஏறக்குறைய இரண்டரை வருடம், ஒரு லட்சம் மைல். சுமார் நூறு ஒளிப்பதிவாளர்கள் முப்பது வருடங்களில் எடுத்த காட்சிகள், மொத்தம் 50,000 அடி. ஓட்டிப் பார்த்தாலே ஒன்பது மணி நேரம் ஆகும். அதை வெட்டி 12,000 அடியாக்கினார்.

இதில் காலம்தான் பெரிய விஷயம். 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அடுத்த ஜூனில் பாரிஸ் ஜெர்மானியர் கைக்குப் போனது. செப்டம்பரில் லண்டன் மீது தினமும் குண்டு விழுந்தது. இரண்டு வருடம் தள்ளிக் கிளம்பியிருந்தால் அவர் எந்தக் கதவையும் தட்டியிருக்க முடியாது. போர் நடந்துகொண்டிருந்த 1940 ஆகஸ்டில் சென்னையில் 'மகாத்மா காந்தி' தமிழில் வெளியானது. பிறகு தெலுங்கிலும் இந்தியிலும் வந்தது. அதே 1940-ல் 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அவரது பயண நூலும் வந்தது. அந்தத் தலைப்பே அவருக்குப் பட்டப் பெயராக ஒட்டிக்கொண்டது.

அவரது எழுத்தில் ஒரு வேடிக்கை. இவ்வளவு சுற்றிய மனிதர் தன்னைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுவார். வாக்கியங்கள் சின்னச் சின்னவை, பெருமையடிப்பது கிடையாது. 1943 முதல் 'குமரி மலர்' பத்திரிகையை நடத்தினார். தன்னுடைய பயணங்களோடு நிற்காமல், அவருக்கு முன்பு மற்றவர்கள் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். 1983-ல் காலமானார்.

அவர் தேடிச் சேர்த்த படத்தின் கதைதான் வருத்தமானது. 1953-ல் அமெரிக்காவில் அதன் ஆங்கில வடிவம் ஒன்று தயாரானது. பல வருடம் கழித்து ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடியபோது, அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கிடைத்தது அந்த ஆங்கில வடிவத்தின் பிரதிதான். கதவு கதவாகத் தட்டிச் சேர்த்து 1940-ல் சென்னையில் ஓடிய அந்தத் தமிழ்ப் படம் தொலைந்தே போய்விட்டது.