திறன்பேசியின் ரா படம்: தரத்தை எங்கே தேடுவது?

ஆண்ட்ராய்டு 5.0 (2014), ஐஓஎஸ் 10 (2016) ஆகியவற்றின் வரவால் திறன்பேசியில் ரா கோப்பாகப் படம் எடுப்பது பரவலாயிற்று. கூர்மையேற்றம், இரைச்சல் நீக்கம், வண்ணத் திருத்தம் ஆகியவற்றைக் கருவியின் முடிவுக்கு விடாமல் படமெடுப்பவரே செய்துகொள்ளலாம் என்பது அதன் ஈர்ப்பு. ஆனால் அந்தக் கோப்பைக் கணினியில் திறந்து நிழற்பகுதியைச் சற்றே வெளிச்சமாக்கினால் போதும், புள்ளி புள்ளியாக இரைச்சல் எழுந்துவிடுகிறது. அதே காட்சியின் ஜேபெக் படமே மேல் என்று தோன்றுகிறது. கூடுதல் மெகாபிக்சலும் கூடுதல் பிட்டும் இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுகின்றன. ரா படத்தின் தரத்தை முதலில் தீர்மானிப்பது உணரியில் விழுந்த ஒளியின் அளவு என்பது என் வாதம். லென்ஸையும் உணரியையும் பெரிதாக்க இடமில்லாத கருவியில் அந்த ஒளியைக் காலத்திலிருந்துதான் திரட்ட வேண்டும். அதனால் பல ரா பிரேம்களை இணைத்துப் பெறும் கோப்பே திறன்பேசிக்குப் பொருத்தமான ரா.

முழுச்சட்டக உணரியின் பரப்பு 36×24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. திறன்பேசிகளில் நெடுங்காலம் புழங்கிய 1/2.55 அங்குல உணரிக்கு ஏறத்தாழ 25 சதுர மி.மீ.தான். ஒளி ஃபோட்டான்களாக, ஒழுங்கின்றி வந்து விழுகிறது. சராசரியாக 100 ஃபோட்டான் பெறும் பிக்சலில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 10. அதே பிக்சலுக்கு ஒன்பது பிரேம்களைச் சேர்த்தால் 900 ஃபோட்டான், ஏற்ற இறக்கம் 30. சமிக்ஞைக்கும் இரைச்சலுக்குமான விகிதம் 10இலிருந்து 30 ஆகிறது. பிட் எண்ணிக்கை இந்த இடத்தில் பெரிதாக உதவாது. 5000 எலக்ட்ரான் கொள்ளும் பிக்சலை 10 பிட்டில் பதிந்தால் ஒரு படி ஏறத்தாழ 5 எலக்ட்ரான். வெளிச்சப் பகுதியின் இயல்பான இரைச்சலோ 70 எலக்ட்ரானைத் தொடுகிறது. 14 பிட்டுக்குப் போனால் அந்த இரைச்சலையே இன்னும் நுணுக்கமாக எழுதிவைப்போம். ஆழ்ந்த நிழலில் மட்டும் கூடுதல் பிட்டுக்கு ஓரளவு பயன் உண்டு.

'ஐஎஸ்ஓவைக் குறைத்து வை' என்ற அறிவுரையையும் இதே அளவுகோலால் பார்க்க வேண்டும். ஷட்டர் நேரத்தை நீட்டாமல் ஐஎஸ்ஓவை மட்டும் குறைத்தால் ஒரு ஃபோட்டான்கூடக் கூடுதலாக வராது. பெருக்கிக்குப் பின்னால் சேரும் மின்னணு இரைச்சல், சமிக்ஞை சிறிதாக இருக்கையில் இன்னும் துருத்தித் தெரியும். குறைந்த ஐஎஸ்ஓ நல்ல படம் தருவது நீண்ட ஷட்டருக்கு அது இடம் கொடுக்கும்போதுதான். வெளிச்சப் பகுதி வெளுத்துப்போகாத எல்லைவரை எக்ஸ்போஷரை ஏற்றுவதே ஒற்றைப் பிரேமில் செய்யக்கூடிய பெரிய மேம்பாடு.

அதற்கு அப்பால் போகும் வழியை கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட எச்டிஆர்+ ஆய்வு காட்டியது. வெளுப்பைத் தவிர்க்க வேண்டுமென்றே குறைந்த எக்ஸ்போஷரில் பல பிரேம்களை எடுத்து, வண்ணம் பிரிப்பதற்கு முன்பே, ரா நிலையிலேயே ஒன்றாக்கினார்கள். 2018இல் வந்த பிக்சல் 3 இவ்வாறு 15 பிரேம்கள் வரை இணைத்த டிஎன்ஜி வடிவ ரா கோப்பைத் தந்தது. 2019இல் வந்த மற்றோர் ஆய்வு கைநடுக்கத்தையே பயனாக்கியது. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற, உணரிமேல் அமையும் வண்ண வடிப்பானில் ஒவ்வொரு பிக்சலும் ஒரே நிறத்தைத்தான் பார்க்கிறது. மற்ற இரண்டும் வண்ணப் பிரிப்பின்போது செய்யும் ஊகம். பிரேமுக்குப் பிரேம் கை சற்றே நகர்வதால் அதே இடத்தில் சிவப்பும் பச்சையும் நீலமும் உண்மையாகவே அளக்கப்படுகின்றன. இங்கே ஊகத்தின் இடத்தை அளவீடு பிடித்துக்கொள்வதை இத்துறையின் மிக அழகான முன்னேற்றமாகக் கருதுகிறேன்.

இணைத்த கோப்பு எப்படி ரா ஆகும் என்று தூய்மைவாதிகள் கேட்பார்கள். ஒற்றைப் பிரேமும் தொடப்படாததல்ல: 48 மெகாபிக்சல் உணரிகள் பல, நான்கு பிக்சல்களைச் சேர்த்து 12 மெகாபிக்சலாகத்தான் ராவைத் தருகின்றன. எண்கள் காட்சியின் ஒளிக்கு நேர்விகிதத்தில் இருக்கின்றனவா, திரும்பப் பெற முடியாத ரசனை முடிவு ஏதும் உள்ளே புகுந்துவிட்டதா என்பவையே எல்லைக்கோட்டைத் தீர்மானிக்க வேண்டும். சராசரி எடுப்பது அளவீட்டு முறை. அது கோட்டுக்கு இப்பால் நிற்கிறது. 2020 டிசம்பரில் வந்த ஆப்பிளின் ப்ரோராவில் நேர்விகிதம் காக்கப்பட்டாலும், வண்ணப் பிரிப்பும் இரைச்சல் நீக்கமும் முன்பே முடிந்துவிடுகின்றன. அதை அரை ரா என்பதே பொருத்தம்.

இதைவிட வலுவான மறுப்பு கணக்கிலிருந்து வருகிறது. பிரேமை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் வாசிப்பு இரைச்சல் சேர்கிறது. பிரேமுக்கு 4 எலக்ட்ரான் மட்டும் பெறும் கரிய பிக்சலில் வாசிப்பு இரைச்சல் 2 எலக்ட்ரான் என்போம். ஒன்பது பிரேமில் சமிக்ஞை 36, இரைச்சல் ஏறத்தாழ 8.5. அதே மொத்த நேரத்தை ஒரே எக்ஸ்போஷராக எடுத்தால் இரைச்சல் 6.3தான். இதை ஏற்கத்தான் வேண்டும். ஆகையால் காட்சி அசையாதிருந்து, செல்பேசியையும் முக்காலியில் பொருத்த முடிந்தால், பல குறும்பிரேம்களைவிடச் சில நீண்ட பிரேம்களே மேல்.

அசையும் காட்சியில் சிக்கல் வேறு. ஒன்றோடொன்று பொருந்தாத பகுதியில் இணைப்பு முறை மற்றப் பிரேம்களின் பங்கைக் குறைத்து ஆதாரப் பிரேமையே பெரிதும் சார்கிறது. ஓடும் குழந்தையின் முகத்தில் ஒரு பிரேமின் இரைச்சலும், பின்னாலுள்ள சுவரில் ஒன்பது பிரேமின் அமைதியும் ஒரே கோப்பில் அமைகின்றன. டிஎன்ஜியின் இரைச்சல் விவரக் குறிப்போ படம் முழுமைக்கும் ஒரே மாதிரியைத்தான் சொல்கிறது. அதை நம்பி இரைச்சல் நீக்கும் மென்பொருள் முகத்துக்குக் குறைவாகவோ சுவருக்கு மிகையாகவோ செய்யும். எந்த இடத்தில் எத்தனை பிரேம் சேர்ந்தது என்ற வரைபடத்தைத் தயாரிப்பாளர்கள் கோப்போடு சேர்த்துத் தர வேண்டும். இணைக்கும்போதே கணிக்கப்படும் எண்கள்தான் அவை.